எங்கள் கடற்கரையின் கடல் நிலவரக் குரல்செய்தி: நாலு ஸ்டார், ஏன் அஞ்சு இல்லை

ஓட்டல் பரோட்டாவுக்கும் செல்போன் கவருக்கும் ஸ்டார் போட்டு விமர்சனம் எழுதுகிறோம். ஆனால் விடியற்காலம் வள்ளம் இறக்கலாமா வேண்டாமா என்று எங்கள் வீட்டு ஆண்கள் எதைக் கேட்டு முடிவு செய்கிறார்களோ, அதைப் பற்றி ஒருத்தரும் ஒரு வரி எழுதக் காணோம். அதனால் நானே எழுதுகிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரை ஊர்களில் சில வாட்ஸ்அப் குழுக்களுக்குச் சனிக்கிழமை தவிரத் தினமும் சாயங்காலம் ஒரு கடல் நிலவரக் குரல்செய்தி வரும். ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து நடத்துவது. காசு கிடையாது, விளம்பரம் கிடையாது. பெயர் போடவில்லை, அவர்களே வேண்டாம் என்றார்கள். இப்போதே குழுக்கள் நிரம்பி வழிகின்றன, இன்னும் நூறு பேர் வந்து விழுந்தால் சமாளிக்க ஆள் இல்லை என்பது அவர்கள் கவலை. பெயர் தெரியாமல் விமர்சனம் படித்து என்ன பயன் என்று கேட்கலாம். உங்கள் ஊரிலும் இப்படி ஒன்று நடத்தலாம் என்று யாருக்காவது தோன்றினால் அதுவே போதும்.

சேவை என்று பார்த்தால் ரொம்பச் சின்னது. ஐதராபாத்தில் இன்காய்ஸ் என்று ஒரு மையம் இருக்கிறது, இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம். அலை, நீரோட்டம், சுனாமி, மீன் கூடும் இடம் எல்லாவற்றுக்கும் அங்கிருந்துதான் அறிவிப்பு வருகிறது. காற்றுக்கும் மழைக்கும் புயலுக்கும் இந்திய வானிலை ஆய்வுத் துறை. இந்த இரண்டு இடத்து அறிக்கைகளையும் எடுத்து, நம்ம ஆள்களுக்குப் புரிகிற மாதிரி ஒன்றரை நிமிடத்தில் சொல்வதுதான் இவர்கள் வேலை. பேசுகிற பெண்பிள்ளை கடல் விஞ்ஞானம் ஒன்றும் படிக்கவில்லை, பி.காம். அவளுடைய அப்பாவும் மாமாவும் கடலுக்குப் போகிறவர்கள். அது பேச்சிலேயே தெரிகிறது.

முதலில் மூல அறிக்கை எப்படி இருக்கும் என்று பார்ப்போம். பேப்பரில் நீங்களும் படித்திருப்பீர்கள். கன்னியாகுமரி மாவட்டம் நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரையிலான கடற்கரையில், இன்று மாலை 5.30 மணி முதல் நாளை இரவு 11.30 மணி வரை, இத்தனை வினாடி இடைவெளியில், இத்தனை மீட்டர் முதல் இத்தனை மீட்டர் உயரத்துக்கு அலை எழும்ப வாய்ப்பு, மீனவர்களும் பொதுமக்களும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அவ்வளவுதான். இதில் தப்பு ஒன்றும் இல்லை, எல்லாம் சரியான தகவல். ஆனால் கேட்கிறவன் கையில் என்ன மிஞ்சுகிறது? நீரோடியிலிருந்து ஆரோக்கியபுரம் என்றால் கிட்டத்தட்ட நம் மேற்குக் கடற்கரை முழுக்க வந்துவிட்டது. என் வள்ளம் கிடக்கிற கரைக்கு என்ன ஆகும்? எத்தனை மணிக்கு? நான் என்ன செய்ய வேண்டும்? இந்த மூன்றுக்கும் அதில் நேரடியாகப் பதில் கிடையாது.

ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன், எனக்கு ரொம்பப் பிடித்தது. ஏன் எப்போது பார்த்தாலும் 5.30, 11.30, 2.30 என்றே வருகிறது, கடலுக்கென்ன கடிகாரமா என்று டீக்கடையில் கிண்டல் செய்வார்கள். விஷயம் இதுதான்: கணினி அலைக் கணக்கை உலகப் பொது நேரத்தில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை போடுகிறது, நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே பகல் 12 என்றால் இங்கே மாலை 5.30. அவ்வளவே. அலை சரியாக 5.30-க்கு வந்து கதவைத் தட்டும் என்று அர்த்தம் இல்லை. இந்தக் குழு ஒரு நாள் இதை இருபது வினாடியில் சொல்லிவிட்டு, “அதனால அஞ்சரைன்னு சொன்னா நாலு மணிக்கே வள்ளத்த ஏத்திப் போட்ருங்க” என்று முடித்தது. அதற்கப்புறம் எங்கள் கரையில் அந்தக் கிண்டல் குறைந்துபோனது. ஒரு எண் எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிட்டால் ஆள்கள் அதை நம்புகிறார்கள், சொல்லாவிட்டால் நக்கல் அடிக்கிறார்கள்.

இப்போது பெரிய விஷயத்துக்கு வருகிறேன், கள்ளக்கடல். ஏப்ரல், மே மாதங்களில் காற்றே இல்லாமல், வெயில் சுள்ளென்று அடிக்கும்போது கடல் திடீரென்று ஏறிக் கரைக்குள் வருமே, அது. அதற்கான காரணம் நம் கடலில் இல்லை. தெற்கே, ஆப்பிரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கீழே, தென் இந்தியப் பெருங்கடலில் அடிக்கிற சூறாவளிக் காற்று கிளப்பிவிட்ட அலை அது. நாலைந்து நாள் பயணம் செய்து இங்கே வந்து சேர்கிறது. அடுத்தடுத்த இரண்டு அலைக்கு நடுவே 18 வினாடி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்த அலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்கு 50 கிலோமீட்டர் போல நகரும், ஒரு நாளைக்கு 1,200 கிலோமீட்டர். தெற்கே ஐயாயிரம் கிலோமீட்டர் தூரத்தில் கிளம்பினது நாலு நாளில் முட்டம் பாறையில் மோதும். அங்கே புயல் அடித்தபோது இங்கே நாம் ஒன்றும் அறியோம். ஆனால் செயற்கைக்கோளும் மிதவையும் வைத்திருப்பவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். முன்னறிவிப்பு வேலை செய்வதே இந்த இடைவெளியில்தான்.

இதில் ஆள்கள் ஏமாறுகிற இடம் அலையின் உயரம். அறிக்கையில் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் என்று போட்டிருப்பார்கள். ஆனி ஆடியில் மூன்று மீட்டர் அலையைத் தாண்டிப் போய் வந்தவனிடம் ஒரு மீட்டர் என்று சொன்னால் சிரிப்பானா மாட்டானா? ஆனால் அதே அறிக்கையில் பக்கத்திலேயே இன்னொரு எண் இருக்கும், அலைக்கும் அலைக்கும் இடையிலான வினாடி. நம் பக்கத்துக் காற்று கிளப்புகிற சாதாரண அலைக்கு எட்டு வினாடி போல இருக்கும், ஒரு அலை முகட்டிலிருந்து அடுத்த முகட்டுக்கு ஆழ்கடலில் நூறு மீட்டர். 18 வினாடி அலைக்கு அதே தூரம் அரை கிலோமீட்டர். உயரம் ஒன்றுதான், ஆனால் பின்னால் வருகிற தண்ணீர் எத்தனை மடங்கு என்று பாருங்கள். அது கரையைத் தொட்டதும் நிற்காது, ஏறிக்கொண்டே வரும். இந்தப் பெண் இதைச் சொன்ன விதம்: வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்றுவதும் குளத்து மடையைத் திறந்துவிடுவதும் ஒன்றா? எங்கள் வீட்டில் அம்மாவுக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. இத்தனை வருஷமாக அறிக்கையில் வருகிற அந்த இரண்டாவது எண்ணை நாங்கள் யாரும் படித்ததே இல்லை. இப்போது அறிக்கை வந்தால் அப்பா முதலில் கேட்பது “எத்தன செக்கண்டு?” என்றுதான்.

எளிமை என்றால் எதையாவது வெட்டி எறிவது என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இவர்கள் வினாடிக் கணக்கை, பொதுமக்களுக்குப் புரியாது என்று, விட்டுவிடவில்லை. உயரத்தை மட்டும் சொல்லியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும், பொய்யாகவும் இருந்திருக்கும்.

ஒரு மாதிரி வேண்டுமென்றால், ஒரு மே மாதத்துச் செய்தியிலிருந்து: “முட்டத்துக்கு மேக்க உள்ளவங்க கேளுங்க. நாளைக்குக் காத்து கெடையாது, கடலு பாக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா ராத்திரி பத்துக்கு மேல தெக்க இருந்து நீள அலை வரும், பதினாறு செக்கண்டு. கரையில கெடக்கிற வள்ளத்த ரோட்டோரம் ஏத்திப் போடுங்க, ஹார்பர்ல கெட்டுறவங்க வள்ளத்துக்கும் வள்ளத்துக்கும் எடம் விட்டுக் கெட்டுங்க, தண்ணி ஏறி எறங்கும்போ ஒண்ணோட ஒண்ணு முட்டும். நடுக்கடல்ல நிக்கிறவங்களுக்குப் பயம் இல்ல, அங்க ஒண்ணும் தெரியாது, கரைக்கு வரும்போதுதான் பாத்து வரணும்.” அரசு அறிக்கையிலும் இடைவெளி விட்டுக் கட்டுங்கள் என்று இருக்கும், ஆனால் இப்படி நம் பேச்சில் இருக்காது. கடைசி வரி இருக்கிறதே, வீட்டில் காத்திருக்கிறவர்களுக்கு அதுதான் முதல் வரி.

இன்னொரு பாராட்டு. தேங்காய்ப்பட்டணம் துறைமுக வாயிலுக்குத் தனியாக ஒரு வாக்கியம் வைத்திருக்கிறார்கள், எந்த நாளும் விடுவதில்லை. அங்கே வாயிலில் மணல் மேடிட்டு அலை உடைந்து வள்ளம் கவிழ்ந்த கதை நம் மாவட்டத்தில் தெரியாதவர் இல்லை. வெளியே சாதுவாக வருகிற அலை ஆழம் குறைந்த இடத்துக்கு வந்ததும் வேகம் குறைந்து, உயரம் கூடி, அதன் உயரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலான ஆழம் வந்ததும் உடைந்துவிடும். அறிக்கையில் சொல்கிற உயரம் வெளிக்கடலுக்கானது. வாயிலில் என்ன நடக்கும் என்பது அங்கே எவ்வளவு மணல் கிடக்கிறது என்பதைப் பொறுத்தது, அதை ஐதராபாத்தில் இருந்து பார்க்க முடியாது. அன்று உள்ளே வந்த வள்ளத்துக்காரர்களிடம் கேட்டுத்தான் இவர்கள் சொல்கிறார்கள். கணினிக் கணக்கும் ஊர்க்காரன் கண்ணும் சேர்ந்தால்தான் உபயோகமான செய்தி, இது அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே பிடிபட்டிருக்கிறது.

இவர்கள் ஏற்பாட்டில் கோவில் மண்டபத்தில் ஒரு விளக்கக் கூட்டமும் நடந்தது, ஒரு ஆராய்ச்சியாளர் வந்திருந்தார். நல்ல மனுஷர், ஆனால் முதல் பாதி தாங்க முடியவில்லை. ஆங்கிலத்தில் வரைபடம், நாலு கலரில் கோடுகள், ஒவ்வொன்றின் கீழும் எறும்பு சைஸ் எழுத்து. பின்வரிசையில் பாதிப்பேர் போனை நோண்டிக்கொண்டிருந்தார்கள். அப்போது முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டா கையைத் தூக்கினார். “சாரே, நீங்க சொல்லுத ரெண்டு மீட்டரு எங்க வச்சு அளந்தது? கரையிலயா, அஞ்சு பாகத்துலயா, வெளிக்கடல்லயா?” (பாகம் என்றால் எங்கள் ஆழக் கணக்கு, ஆறடி போல.) அவர் ஒரு நிமிடம் யோசித்தார், வெளிக்கடல் என்றார். “அங்க வாற அலை எல்லாம் ரெண்டு மீட்டரா?” இல்லை என்றார். அதற்கப்புறம் லேப்டாப்பை மூடிவிட்டுப் பலகையில் வரைய ஆரம்பித்தார் பாருங்கள், அங்கிருந்துதான் கூட்டமே தொடங்கியது. அலைகளை உயரம் பார்த்து வரிசைப்படுத்தி, உயரமான மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்து அதற்குச் சராசரி போட்டால் வருவதுதான் அறிக்கையில் இருக்கிற உயரம். அப்படியென்றால் இரண்டு மீட்டர் என்று போட்ட நாளில் மூன்றரை மீட்டர் அலையும் நடுநடுவே வரும், நாள் முழுக்கக் கடலில் நிற்கிறவன் ஒன்றையாவது பார்த்தே தீருவான். பாட்டா தலையை ஆட்டினார். “அதத்தான் கேட்டேன். நாங்க பாக்குதது அந்தப் பெரிய அலையத்தான், நீங்க சொல்லுதது வேற.” அறிக்கை தப்பு என்று எங்கள் ஆள்கள் இத்தனை காலம் சொல்லிவந்ததில் ஒரு பாதிக்குக் காரணம் இதுவாக இருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டு தரப்பும் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள், வேறு வேறு அலையை.

சரி, குறைகள்.

மழைப் பகுதி சுமார் ரகம். கடலைப் பற்றி இவ்வளவு பாடுபட்டு விளக்குகிறவர்கள் மழை என்று வந்ததும் அறிக்கையை அப்படியே வாசித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். “ஓரிரு இடங்களில் கனமழை பெய்யக்கூடும்.” குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிற என் சித்தி வீட்டுக்காரர்களுக்கும் இந்தச் செய்தி போகிறது, அவர்கள் இதைக் கேட்டு என்ன செய்வார்கள்? வானிலைத் துறையில் இந்த வார்த்தைகளுக்கெல்லாம் அளவு இருக்கிறது. ஓரிரு இடங்கள் என்றால் அந்தப் பகுதியில் மழை அளக்கும் இடங்களில் நாலில் ஒரு பங்குக்குள், சில இடங்கள் என்றால் பாதி வரை, பல இடங்கள் என்றால் முக்கால் வரை. கனமழை என்றால் ஒரு நாளில் 64.5 மில்லிமீட்டரிலிருந்து, 204.4-ஐத் தாண்டினால் அதிகனமழை. ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் தண்ணீர், நம் கணக்கில் ஒரு சென்ட் இடத்துக்கு 40 லிட்டர். கனமழை தொடங்குகிற அளவிலேயே ஒரு சென்டில் 2,600 லிட்டர் கொட்டியிருக்கும். பத்து சென்ட் வீட்டுக்காரர் கணக்குப் போட்டுக்கொள்ளட்டும். இதையெல்லாம் ஒரு தடவை சொல்லி வைத்துவிட்டால் அப்புறம் அறிக்கையை வாசித்தாலே போதும். சொல்லவில்லை.

அடுத்தது கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியது. ஒரு கோடைக்காலத்தில் வேறு யாரோ பையன் குரல் கொடுத்தான் போலிருக்கிறது, பின்னணியில் சீரியல் மியூசிக், “கடல் பொங்கி வரப்போகிறது” என்று தொடங்கினான். அன்று எங்கள் ஊரில் யாரும் வள்ளம் இறக்கவில்லை. கடல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஏறியது, அவ்வளவுதான், அறிக்கையிலும் அவ்வளவுதான் போட்டிருந்தது. மறுநாள் மீன் சந்தையில் பெண்கள் பிடித்த பிடி இருக்கிறதே! ஒரு நாள் கடலுக்குப் போகாவிட்டால் அன்றைக்குக் கையில் ஒன்றும் இல்லை, கூலியாளுக்கும் இல்லை, சந்தைக்குச் சுமக்கிறவளுக்கும் இல்லை. பயம் காட்டி ஆளைக் கரையில் உட்கார வைத்தால் ஒரு தடவை நடக்கும். இரண்டாவது தடவை நிஜமாகவே வரும்போது கேட்க மாட்டான்.

அதற்கு அவர்கள் செய்த பரிகாரத்தில் பாதி நல்லது, பாதி எனக்கு ஒத்துக்கவில்லை. நல்லது எதுவென்றால், அன்று முதல் ஒவ்வொரு செய்தியின் தொடக்கத்திலும் நேற்றைக் கணக்கு சொல்கிறார்கள். “நேத்து அலை ஏறும்னு சொன்னோம், குறும்பனையில ஏறிச்சு, கடியபட்டணத்துல ஏறல.” எந்தச் சேனலும் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை, இதற்கே ஒரு ஸ்டார் தனியாகக் கொடுக்கலாம். ஒத்துக்காதது: “பத்துக்கு ஏழு வாய்ப்பு” என்று ஒரு எண் சொல்ல ஆரம்பித்தார்கள். வாய்ப்பை எண்ணாகச் சொல்வது நல்ல வழக்கம்தான், பத்துக்கு மூன்று என்றால் ஒருவன் துணிவான், பத்துக்கு எட்டு என்றால் யோசிப்பான். ஆனால் மூல அலை அறிக்கையில் அந்த எண் கிடையாது. நிறத்தில்தான் இருக்கிறது, மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் உடனே செய். எங்கிருந்து ஏழு வந்தது என்று கேட்டேன். ஆரஞ்சு என்றால் ஏழு என்று அவர்களாக வைத்துக்கொண்டார்களாம். ஆரஞ்சு சொல்வது எவ்வளவு தயாராக வேண்டும் என்பதை, எத்தனை உறுதி என்பதை மட்டும் அல்ல. தங்கள் ஊகம் என்றால் தங்கள் ஊகம் என்றே சொல்லிவிடலாமே, கேட்கிறவர்கள் ஒன்றும் கோபப்பட மாட்டார்கள். ஐதராபாத் விஞ்ஞானி சொன்ன ஏழு என்று நினைத்துக்கொண்டு ஒருவன் வள்ளத்தைத் தள்ளக்கூடாது.

மீன் கூடும் இடம் பற்றிய பகுதி ஓகே. செயற்கைக்கோள் கடல்மேல் வெப்பத்தையும் பச்சையத்தையும் பார்க்கும், குளிர்ந்த நீரும் சூடான நீரும் சந்திக்கிற இடத்தில் மீனுக்குத் தீனி சேரும், அந்த இடத்தை இன்காய்ஸ் கரையிலிருந்து திசை, கிலோமீட்டர், ஆழம் என்று தருகிறது. இவர்கள் மீட்டரைப் பாகமாக மாற்றி, முட்டம் லைட் ஹவுஸிலிருந்து இன்ன பக்கம் என்று சொல்கிறார்கள். நாற்பது மீட்டர் என்றால் கிட்டத்தட்ட இருபத்திரண்டு பாகம். மேகம் மூடிய நாளில் செயற்கைக்கோளுக்குக் கடல் தெரியாது, அதனால் தகவல் வராது. அதையும் சொல்லிவிடுகிறார்கள், நல்லது. மீன்பிடித் தடைக்கால வேறுபாட்டைத்தான் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். நம் மாவட்டத்தில் சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகாது. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே செய்தியை இரண்டு பக்கத்துக்கும் அனுப்பினால் ஒரு பக்கத்துக்காரன் எனக்கு எதற்கு இது என்று கேட்கத்தான் செய்வான்.

புயலைப் பற்றி இவர்கள் பேசுகிற முறைக்கு வருகிறேன், இதில் விட்டுக்கொடுக்காமல் பாராட்டுவேன். 2017-இல் ஓகி வந்தபோது நவம்பர் 29 காலையில் அது வெறும் தாழ்வு மண்டலம், 30 காலையில் புயல். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கத்து ஆழ்கடல் படகுகள் அதற்குப் பல நாள் முன்பே போன் சிக்னல் எட்டாத இடத்துக்குப் போயிருந்தன. அவர்களுக்கு எந்தச் செய்தியும் எட்டியிருக்காது, இப்போது அதற்காகத்தான் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி வாங்கிப் போனுக்குத் தருகிற ஜெமினி மாதிரிக் கருவிகள் வந்திருக்கின்றன. ஆனால் கரையில் நிற்கிறவனுக்கும் தாழ்வு மண்டலம்தானே என்று தோன்றிவிடும். புயல் என்ற பெயர் விழுந்தால்தான் ஆபத்து என்று எல்லோர் மனதிலும் பதிந்திருக்கிறது. வானிலைத் துறைக் கணக்கில் தாழ்வு மண்டலம் என்றாலே காற்று மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர், ஆழ்ந்த தாழ்வு மண்டலம் என்றால் 50 முதல் 61, 62-ஐத் தொட்டால்தான் புயல். பைபர் வள்ளத்துக்கு 62 வரை காத்திருக்க வேண்டுமா? நாற்பதிலேயே கதை முடிந்துவிடும். அதனால் இந்தக் குழு கட்டத்தின் பெயரைப் பின்னால் தள்ளிவிட்டு, காற்று எத்தனை கிலோமீட்டர் என்பதை முதலில் சொல்கிறது, அப்புறம் வள்ளம், விசைப்படகு, ஆழ்கடல் படகு மூன்றுக்கும் தனித்தனியாக என்ன செய்யலாம் என்கிறது. ஏற்கனவே வெளியே நிற்கிற படகுகளுக்குச் சேட்டிலைட் போன் வைத்திருக்கிறவர்கள் யாரென்று அவர்களிடம் ஒரு பட்டியல் இருக்கிறது, வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்கிறார்கள். விஞ்ஞானி வகுத்த கோடு விஞ்ஞானிக்கு வசதி. கேட்கிறவனின் கோடு எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்வதற்குக் கேட்கிறவனைத் தெரிந்திருக்க வேண்டும்.

எழுத்தில் எதுவும் அனுப்புவதில்லை என்பது ஒரு குறை. காது கேட்காதவர்கள், இரைச்சலில் நிற்கிறவர்கள், நெட் கிடைக்காமல் ஆடியோ இறங்காதவர்கள், இவர்களுக்கு நாலு வரி டைப் அடித்துப் போட்டால் என்ன. கேட்டால் நேரமில்லை என்கிறார்கள், காசு வாங்காமல் செய்கிறவர்களிடம் அதற்கு மேல் சண்டை போட முடியவில்லை.

அஞ்சாவது ஸ்டாரை நான் பிடித்து வைத்திருப்பதற்குக் காரணம் இதெல்லாம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் கரையில் வள்ளம் இறங்காது, திருப்பலி நாள். அதனால் சனிக்கிழமை சாயங்காலம் செய்தி கிடையாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைதான் சொத்தவிளை, கணபதிபுரம் லெமூர் பீச், முட்டம் எல்லா இடத்திலும் வெளியூர்க்காரர்கள் குடும்பம் குடும்பமாகக் குவிகிறார்கள். அவர்கள் போனில் பார்ப்பது வானிலை ஆப், அதில் சூரியன் படம் போட்டிருக்கும். கள்ளக்கடல் நாளில் வானம் அப்படித்தான் இருக்கும் என்று அவர்களுக்கு யார் சொல்வது? 2024 மே 6, திங்கட்கிழமை, லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் போனார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை அதற்கு முன்பே வெளியாகியிருந்தது. இன்னொரு கடற்கரைச் சேவை தொடங்க வேண்டியதில்லை, இவர்கள் குரலையே லாட்ஜ்காரர்கள், பீச்சில் கடை போட்டிருக்கிறவர்கள், வடசேரி பஸ் ஸ்டாண்ட் ஆட்டோக்காரர்கள் குழுக்களுக்கும் அனுப்பினால் போதும். ஒரு வாக்கியம் மாற்ற வேண்டும், அவ்வளவுதான்: வள்ளத்தை ஏற்றிப் போடுங்கள் என்பதற்குப் பதிலாக, வெயிலைப் பார்த்து ஏமாந்து காலை நனைக்க இறங்காதீர்கள் என்று. சனிக்கிழமை குரல் பதிவு செய்ய ஆள் இல்லையென்றால் வெள்ளிக்கிழமையே சனி, ஞாயிறு இரண்டுக்கும் சேர்த்துச் சொல்லிவிடலாம், இந்த அலையைப் பற்றிய தகவல் இரண்டு மூன்று நாளைக்கு முன்னாலேயே கிடைக்கத்தானே செய்கிறது. இதை அவர்களிடம் சொன்னேன். பார்க்கிறோம் அக்கா என்றார்கள்.